வந்தவரை வரவில்லை என்று எழுதச் சொல்லும் திருத்தப் படிவம்

அனுப்புநர்:
மருத்துவ உளவியல் முதுநிலை இறுதியாண்டு மாணவி
(பெயரும் பதிவு எண்ணும் உறையின் மேல் உள்ளன),
மகளிர் விடுதி, மூன்றாம் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பயிற்சி நேரப் பதிவுப் பிரிவு,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: என் பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியை "வருகை இல்லை" என்று மாற்றியதை ரத்து செய்யக் கோருதலும், அதற்கான திருத்தப் படிவத்தில் கையெழுத்திட மறுத்தலும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும், சிகிச்சைக்கு வருபவருடன் நேருக்கு நேர் உட்கார்ந்த நேரம் விதித்த அளவை எட்டாவிட்டால் எங்களுக்குப் பட்டம் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. அந்த நேரத்தை வாராவாரம் தங்கள் மென்பொருளில் நாங்களே பதிகிறோம். மேற்பார்வையாளர் ஒப்புதல் தருகிறார். இரண்டு வருடமாக எங்கள் வகுப்பே இந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறது. "கால்குலேட்டர்" என்று பெயரெடுத்த சக மாணவர் ஒருவர், கேன்டீன் வரிசையில் நண்பனின் காதல் தோல்வியைக் கேட்ட நேரத்தைச் சேர்க்கலாமா என்றுகூட யோசித்தார். சேர்க்கவில்லை, அவர்மீது நடவடிக்கை வேண்டாம்.

2. பணியிட விபத்து ஒன்றுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்ட ஒருவர், பல்கலைக்கழக கிளினிக்கில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த மனுவில் அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். தலையசைத்தார். இந்தப் பருவம் முழுவதும் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

3. ஆகவே பதிவில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "இன்று பேசவில்லை. நானும் பேசவில்லை." என் தவறு என்று தங்கள் பிரிவு சொல்வது இந்த இரண்டு வாக்கியத்தைத்தான். மென்பொருளில் பேச்சு வழி ஆலோசனை, சோதனை, குடும்பச் சந்திப்பு, வருகை இல்லை என்று நான்கே கட்டங்கள் உள்ளன. பேச்சு இல்லாததால் முதல் கட்டத்தில் அடங்காது என்று, அந்த நேரம் முழுவதையும் நான்காவது கட்டத்தில் தள்ளிவிட்டார்கள். விளக்கம் கேட்கப் போனபோது எழுத்தர் ஐயா சொன்னது இது: "ஏம்மா, ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்துட்டு எழுந்து போயிருக்கீங்க. இதுல என்ன பயிற்சி இருக்கு?"

4. என்ன பயிற்சி என்பதைச் சொல்கிறேன், ஐயா. முதல் சந்திப்பில் அவர் கதவை ஒட்டிய நாற்காலியில், கருவிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்துவிடுவார்போல உட்கார்ந்திருந்தார். சில வாரங்களில் பை தரைக்கு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் ஆர்வக்கோளாறில் வரிசையாகக் கேள்வி கேட்டேன். பை மறுபடி மடிக்கு ஏறியது. அது மறுபடி தரையிறங்க நான் வாயை மூடிக்கொண்டு பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. போன மாதம் அவராகவே கதவோரத்து நாற்காலியை விட்டு ஜன்னலோரத்து நாற்காலிக்கு மாறினார். அன்று மேற்பார்வையாளர் மேடத்திடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். இரண்டு வருடத்தில் நான் கற்றதில் பாதி அந்த அறையில் கற்றதுதான்.

5. "ஆதரவு ஆலோசனை வழங்கப்பட்டது" என்று திருத்தி எழுதினால் முதல் கட்டத்திலேயே சேர்ந்துவிடும், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நலம்விரும்பிகள் பலர் சொன்னார்கள். நான் ஆலோசனை எதுவும் வழங்கவில்லை. வழங்கிய ஒரே நாளில் என்ன நடந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

6. இனி இந்த மனுவின் முக்கியமான விஷயம். தாங்கள் அனுப்பிய திருத்தப் படிவத்தில், "சிகிச்சைக்குரியவர் மேற்கண்ட நாட்களில் வருகை தரவில்லை என உறுதி கூறுகிறேன்" என்ற வாசகத்தின் கீழ் நான் கையெழுத்திட வேண்டுமாம். இட்டால் மீதி நேரத்துக்கு உடனே ஒப்புதல் கிடைக்கும். குறைகிற நேரத்தை, இந்தப் படிவம் தந்தவர்களுக்கு மட்டும் அனுமதியுள்ள கோடை முகாமில் ஈடுகட்டிப் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் அதே படிவத்தின் நகல் கிளினிக்குக்கும் போகிறது. தொடர்ந்து மூன்று முறை வராதவரைப் பட்டியலிலிருந்து நீக்குவது அங்குள்ள விதி. நீக்கப்பட்டவர் காத்திருப்போர் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அந்த வரிசை நகர ஒரு வருடத்துக்கு மேலாகும் என்று கிளினிக் வரவேற்பாளரே சொன்னார். என் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக அவர் இடத்தைப் பறிகொடுக்க வேண்டும்.

7. அவரைக் கூட்டிவருபவர் அவருடைய அக்கா. தையல் கூடத்தில் வேலை. ஒவ்வொரு முறையும் மேலாளரிடம் கெஞ்சி வெளியே வருகிறார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறுவதில்லை. "இங்க வர்றதுக்கு மட்டும்தான் டாக்டரம்மா தம்பி செருப்பு மாட்றான்" என்றார் ஒருநாள். செருப்பு மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, என் எதிரில் வந்து உட்கார்ந்த ஒரு மனிதரை வரவில்லை என்று நான் எப்படி எழுதுவேன்? நினைத்தாலே கோபம் வருகிறது. மரியாதைக் குறைவாகத் தோன்றினால் பொறுத்தருளவும்; கோபத்தைக் குறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

8. என் அம்மாவின் கருத்து வேறு. "ஊர்ல இருக்கிற நியாயத்தையெல்லாம் நீதான் தூக்கிச் சுமக்கணுமாடி? கையெழுத்தைப் போட்டுட்டு வந்து சேரு" என்கிறார். என் படிப்புக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவருக்குக் கீழ்ப்படியாததும் எனக்கு எளிதாக இல்லை.

9. எனவே "வருகை இல்லை" என்ற பதிவை நீக்கி, மேற்பார்வையாளர் ஏற்கெனவே ஒப்புதல் அளித்தபடி இந்த நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு கோருகிறேன். அதற்கு விதி இடம் தராவிட்டால் அந்த நேரத்தை என் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகட்டும். கழிப்பதற்கு வேறு எந்தக் காரணத்தை எழுதினாலும், மாணவிக்குத் தகுதி போதாது என்றே எழுதினாலும், கையெழுத்திடுகிறேன். அவர் வரவில்லை என்பதற்கு மட்டும் கையெழுத்திடமாட்டேன்.

10. இது குறித்து என்னை நேரில் விசாரிப்பதாக இருந்தால் எந்த நாளும் வருகிறேன். வியாழக்கிழமை பிற்பகல் மட்டும் வேண்டாம். அப்போது அவர் வருவார். நான் அறையில் இருக்க வேண்டும்.

இடம்: கிளினிக், மாணவர் அறை
நாள்: படிவம் கிடைத்த மறுநாள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
இறுதியாண்டு மாணவி

இணைப்பு: திருத்தப் படிவம், கையெழுத்திடாமல்.