ஏப்ரல் ராஜினாமா

மாமல்லபுரம்,
4-2-1974

அன்புள்ள வசு,

முழங்கால் வலி தேவலையா? நம் கல்லூரித் தாளாளர் வேலை உன்னை அப்படியே விழுங்கிவிட்டது. ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவளைப் பார்க்க இந்த உப்புக் காற்றுக்கு ஒரு நடை வரக்கூடாதா?

நீ கேட்ட பணி நிரந்தர விதிகளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தொடர்ந்து மூன்று ஆண்டு பாடம் நடத்தியவர் நிரந்தரம், அவ்வளவுதான். எனக்கு இது ஒன்பதாவது வருஷம். ஒவ்வொரு ஏப்ரலிலும் ராஜினாமா, ஜூனில் புது நியமனம். நியமனக் கடிதம் வருமா என்று மே முழுக்கத் தபால்காரருக்காக வாசலிலேயே நிற்பேன். போன ஏப்ரலில் நம் ஆயா கன்னியம்மா கேட்டாள்: “இன்னா டீச்சர், இந்த வருசமும் பொட்டிய கட்டிகினியா? எப்பத்தான் இங்கயே குந்துவே?” எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வயதில் வேறு எந்தக் கல்லூரி என்னைச் சேர்க்கும்? எப்படியாவது கமிட்டியில் நிறைவேற்றிக் கொடுடீ.

உன்,
லோகு

செங்கல்பட்டு,
11-3-1974

அடியே லோகு,

உன் விதிகளை ஒரு வார்த்தை மாற்றாமல் கமிட்டி ஏற்றுக்கொண்டது. ஆனால் வக்கீல் ஒரு குண்டைப் போட்டார். ராஜினாமா கொடுத்ததால் வருஷா வருஷம் சேவை அறுந்துவிட்டதாம். அதனால் நீ, உன்னோடு பாடம் நடத்தும் லதா, சகுந்தலா, ஆதியம்மாள் நால்வரும் ஜூனில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கணக்குதானாம்.

பதறாதே. சண்டை போட்டு உனக்கு மட்டும் விலக்கு வாங்கிவிட்டேன். மற்றவர்களிடம் மூச்சு விடாதே.

உன்,
வசுமதி

மாமல்லபுரம்,
15-3-1974

வசு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ‘சும்மா சம்பிரதாயம்டீ’ என்று சொல்லித்தானே ஒவ்வொரு ஏப்ரலிலும் என்னிடம் கையெழுத்து வாங்கினாய்?

போன மாதம், விதியை எழுதியது நான் என்று தெரிந்ததும், இனி வேலை நிரந்தரம் என்று லதா என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? ஒரே ஒரு வரி சேர்த்துவிடு: ஏப்ரல், மே இடைவெளியைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அது எல்லோருக்கும் பொருந்தட்டும். எனக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம்.

லோகு

செங்கல்பட்டு,
29-3-1974

அன்புள்ள லோகு,

கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நம்முடையது சின்னக் கல்லூரி. எல்லோரையும் நிரந்தரமாக்கிவிட்டு, நாளைக்குப் பிள்ளைகள் குறைந்தால் கல்லூரியையே மூட வேண்டியதுதான். நீயாவது பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்தேன். அது தப்பா?

இந்த வருஷம் உன்னிடம் ராஜினாமா கேட்க மாட்டேன். மற்ற மூவரிடமும் வாங்கி அனுப்பிவிடு. நீ சொன்னால் அவர்கள் தட்டமாட்டார்கள்.

கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே.

உன்,
வசு

மாமல்லபுரம்,
8-4-1974

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூவரிடமும் பேசினேன். எழுதித் தராதீர்கள், பெட்டியையும் கட்டாதீர்கள் என்று சொன்னேன். சேவை அறாமலிருக்க, விடுமுறையிலும் தினம் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடப் போகிறார்கள். தூண்டிவிட்டது நான்தான். கமிட்டி கோபப்பட்டால் என்மேல் படட்டும்.

எனக்குக் கிடைத்த விலக்கையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு அவர்களோடு ஒரே அறையில் உட்கார என்னால் முடியாது. என் அறை பீரோ சாவி கன்னியம்மாவிடம் இருக்கிறது. ஜூனில் எனக்கு நியமனக் கடிதம் அனுப்ப வேண்டாம்.

நீங்கள் கேட்ட மூன்று ராஜினாமாக்களும் இந்த உறையில் இல்லை. கேட்காத ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
கு. லோகநாயகி,
கணித விரிவுரையாளர்