எஸ் என்ற எழுத்தின் முழுப் பேர்

என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது துர்கா பூஜை இது. லேக் கார்டன்ஸில் நம் தெருவை அடைத்துக்கொண்டு பந்தல் மூங்கில்கள் நிற்கின்றன. அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் அசதி. விமானம் ஓட்டிய அசதி இல்லை அப்பா, ஓட்டாமல் உட்கார்ந்திருந்த அசதி.

விமானி உரிமம் இப்போது புத்தகமாக வருவதில்லை. நீங்கள் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டினீர்களே, அது பழைய கதையாகிவிட்டது. எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. ஸ்கேன் செய்தால் என் படமும் பேரும் தெரியும். நல்ல மாற்றம்தான். என் பேரில்தான் சிக்கல்.

பழைய புத்தகத்தில் நான் எஸ். நளினி. பாஸ்போர்ட்டில் உங்கள் பேர் முழுசாக இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று என் விண்ணப்பம் திரும்பி வந்தது, மறுபடி மறுபடி. பழையதற்குக் கெடு முடிந்தது. கம்பெனி என்னைப் பறக்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இந்த வங்காள ஊரில் நமக்கு இது புதிதா என்ன? பள்ளியில் சேர்க்கும்போதே "டைட்டில் என்ன?" என்று கேட்டார்கள். முகர்ஜி, போஸ் மாதிரி ஒரு குடும்பப் பேர் எனக்கும் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அழுதேன்.

உரிமத்தைக் கவனிக்கும் ஆபீசில் ஒருவர் பொறுமையாகத்தான் பேசினார். எஸ் என்ற எழுத்தையே குடும்பப் பேராகப் போட்டுவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், உள்நாட்டில் பறக்க அது போதும் என்றார். முழுப் பேர்தான் வேண்டுமென்றால் அப்பா வந்து கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். அவர் இல்லை என்றேன். அப்படியானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்.

உங்கள் பேர் எனக்கு வேண்டுமென்றால், நீங்கள் இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். அன்று ஜாதவ்பூர் வழியாக பஸ்ஸில் திரும்பினேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

அம்மா கோபப்பட்டாள். "பேப்பர்ல பேர் இல்லாட்டி அவர் உனக்கு அப்பா இல்லைன்னு ஆயிருமா? வேலைக்குப் போற வழியைப் பாரு."

அவள் சொன்னதில் தப்பில்லை. நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்களோ? ஆனாலும் என்னால் அந்த ஒற்றை எழுத்துக்குச் சம்மதிக்க முடியவில்லை. சான்றிதழை நகலெடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அதற்குள் கேப்டன் பயிற்சிக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் போனார்கள். இனி எப்போது எடுப்பார்களோ தெரியாது. பிடிவாதம் பிடித்தது சரிதானா அப்பா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் உரிமம் வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. மறுவாரம் பாங்காக் போனோம். அங்கே எங்கள் விமானத்தில் சோதனைக்கு ஏறிய ஓர் அதிகாரி என் போனை வாங்கிப் பார்த்தார். உதடுகளை அசைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மிஸ்... சங்கரலிங்கம்?"

நீங்கள் போன பிறகு அந்தப் பேரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு நீங்கள் எப்போதும் 'அவர்'தான். எனக்கு அப்பா. பக்கத்து வீட்டு மாஷிமாவுக்கு தாதா, அவர்கள் பாஷையில் அண்ணன். அவ்வளவு காலம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் உங்களைக் கூப்பிட்டார்.

"நான்தான்" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் போல. அவர் சிரித்தபடி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கேப்டன் பயிற்சிக்கு அடுத்த தடவை கூப்பிடும்போது போவேன் அப்பா. எத்தனை வருஷம் ஆனாலும் போவேன். அந்தப் பேரை யார் எங்கே கூப்பிட்டாலும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், நான் பதில் சொல்வேன்.

உங்கள் மகள்,
நளினி சங்கரலிங்கம்