சதுர மூடியின் முதல் இருநூறு

27-11-87, வெள்ளி
தாயார் சன்னதியில் விளக்குப் போட்டுத் திரும்பும்போதே ரயிலிலிருந்து இவரும் வந்துவிட்டார். காரின் பெட்ரோல் மூடி இனி வட்டம் இல்லையாம், சதுரமாம். ஜனவரியில் கார் கம்பெனி புது மாடலுக்கு மாறுகிறது. மூடியை அடித்துக் கொடுப்பது அம்பத்தூரில் இவருடைய கம்பெனி. தகட்டை அழுத்தும் அச்சை — டை என்கிறார்கள் — மெஷினில் மாட்டுவது இவரும் செங்கல்வராயனும். புது மெஷினுக்கு ஒருவர் போதுமாம். இன்னொருவர்? பிறகு பார்க்கலாம் என்றாராம் சூப்பர்வைசர்.

12-12-87, சனி
பழைய மாடலின் கடைசி மூடியை இன்று அடித்து முடித்தார்கள். இனி இருபது நாளில் ஷெட்டையே பிரித்து அடுக்கவேண்டும். எந்த மெஷின் எங்கே என்று தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டாயிற்றாம். எனக்கு அடுப்பை இடம் மாற்றவே இரண்டு நாள் ஆனது!

20-12-87, ஞாயிறு
டை வந்துவிட்டது. "கண்ணாடி கணக்கா கீது. மூஞ்சி பாத்து தலை வாரலாம்" என்றார். தலையில் வாருவதற்கு என்ன மிச்சம் என்றேன். செவ்வாயன்று முதல் இருநூறு மூடி அடித்துப் பார்க்கிறார்கள். மார்கழியில் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்களா? கார் கம்பெனிக்கு மார்கழி ஏது.

22-12-87, செவ்வாய்
விடியுமுன் சந்தனம் அரைத்து, குங்குமத்தோடு இலையில் மடித்துக் கொடுத்தேன். மார்கழி தோஷம் ஒட்டாமல் இருக்க டையின் முகத்திலேயே பொட்டு வையுங்கள் என்று சொன்னேன்.

23-12-87, புதன்
இருநூறு மூடியிலும் நடுவே கடுகளவு மேடு. கார் கம்பெனி இன்ஸ்பெக்டர் ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் தள்ளிவிட்டார். டையைத் துடைத்தது செங்கல்வராயன், அதனால் பழி அவன் மேல். "துடைக்கத் தெரியாதவனுக்குப் புது மெஷின் கேக்குதா?" என்று எல்லோர் எதிரிலும் சூப்பர்வைசர் பார்த்தசாரதி கேட்டாராம்.

அவன் துடைத்த பிறகுதான் இவர் பொட்டு வைத்தார். யாரும் பார்க்கவில்லை. சந்தனக்கல்லிலிருந்து உதிர்ந்த துகள் ஒன்று டையில் பதிந்திருக்கிறது. என் கல். என் சந்தனம்.

இவர் சாப்பிடவில்லை. "பேசாம இருந்தா மெஷின் எனக்குத்தான். நீ இன்னா சொல்ற?"

நான் என்ன சொல்வது? பேசாம இருங்க — வாய் வரைக்கும் வந்தது. தாயே, வந்ததே!

24-12-87, வியாழன்
சொல்லிவிட்டார். சாயங்காலம் செங்கல்வராயன் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். ஷெட்டில் எல்லோரும் கூடியிருக்க, "பொட்டு வெச்சது நான் சார். அவன் சுத்தமாத்தான் துடைச்சான்" என்றாராம். வைக்கச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, "எனக்கே தோணிச்சு சார்" என்று முடித்துக்கொண்டாராம்.

"இன்னா மனுசன் அண்ணி இவரு? வாயில வெச்ச லட்டைத் துப்பிட்டாரே!" சிரிக்கத்தான் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வைக்கச் சொன்னது நான்தான் என்று அவனிடம் சொன்னேன். இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

30-12-87
துகள் பதிந்த பள்ளம் போக, ஐந்து நாளாக இரண்டு பேரும் எண்ணெய் விட்டுத் தேய்க்கும் சாணைக்கல்லால் டையை இழைக்கிறார்கள். நகக்கண் எல்லாம் கறுப்பு.

4-1-88, திங்கள்
இரண்டாவது இருநூறு தேறிவிட்டது. ஒரு மூடிகூடக் கழியவில்லை. புது மெஷின் செங்கல்வராயனுக்கு. இவருக்கு ஷெட்டின் மூலையில் தகடு அழுத்தும் பழைய பிரஸ். ரோட்டில் ஓடுகிற பழைய கார்களுக்கும் மூடி வேண்டுமே.

"வேலை போவலியே" என்றார். பொய் சொல்லத் தெரியாத முகம். பொங்கலுக்கு எடுத்த வேட்டியை இன்றே கட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் கட்டிக்கொண்டார்.

21-2-88, ஞாயிறு
வார விடுமுறை. ஆறு மணிக்கே செங்கல்வராயன் வாசலில் நிற்கிறான். கார்க் கதவின் உள்தகட்டுக்கு இன்னொரு டை வந்து இன்று அடித்துப் பார்க்கிறார்களாம்.

"அண்ணாத்தே, நீ பக்கத்துல நின்னாத்தான் நான் ஸ்விட்சத் தொடுவேன். சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"நானே கூப்புடணும்னு இருந்தேன், இட்டுகினு வாடான்னாரு."

இவர் அதற்குள் சட்டையை மாட்டிவிட்டார். புளிசாதத்தை இரண்டு டப்பாவில் கட்டினேன்.