தலை அராவப்பட்ட மிருகம்

என் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கிற மையவாடிக்குப் பெண்கள் போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லாதபடியால் சலாத்தை இப்படிக் கடிதத்தில் சொல்கிறேன். பதிலை எதிர்பார்க்கவில்லை. ஜப்பானில் இருந்த காலத்திலேயே நீங்கள் கடிதத்துக்குப் பதில் போட்ட ஆள் இல்லை.

மதினியின் இத்தா முடிந்துவிட்டது. உங்களுக்காகத் துக்கம் காத்து நாலு மாதமும் பத்து நாளும் சம்மாந்துறை வீட்டின் உள்ளறையில் வெள்ளை உடுப்போடு இருந்தார். முடிந்த மறுவாரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"டீச்சர், இவர்ர வாள் சாமானுக்கெல்லாம் கொப்பியில பேர் எழுதி வெச்சிரிக்காரு. ஒண்டுக்கு மட்டும் எழுதல்ல. மகள் தோஹாவில இரிந்து கேக்குறா, இது என்ன மிருகம் எண்டு. நீங்க படிச்ச ஆள். வந்து பாத்து எழுதித் தாங்களன்."

கவனித்தீர்களா, டீச்சர். உங்கள் மனைவி என்னை, கணவனின் தங்கச்சியை அழைக்கிற முறையில், மச்சி என்று கூப்பிட்டதே இல்லை. அப்படிக் கூப்பிட நான் இடம் வைத்ததும் இல்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டும். என் காக்கா, அதாவது என் மூத்த சகோதரர், பதினொரு வருடம் ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழற்றும் வேலை செய்தவர். கூடப்போனவர்கள் ரேடியோவும் சைக்கிளும் கொண்டுவர, இவர் பழைய சாமான் சந்தைகளில் வாள் உதிரிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கையைக் காக்கப் பொருத்துகிற இரும்புத் தகடுகள் அவை. சுபா என்று பெயர். உள்ளங்கை அகலம், அலகு நுழைய நடுவில் ஒரு துவாரம். பத்துத் தகடுகள், பத்திலும் ஏதாவதொரு உயிரின் உருவம்.

உங்கள் கொப்பியை இப்போதுதான் முழுதாக வாசித்தேன், காக்கா. பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட மனிதர் இவ்வளவு ஒழுங்காக எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தகட்டில் உருவத்தைச் செதுக்காமல் இரும்பை வெட்டி ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஓட்டைதான் பறவை. அதற்குக் கீழே, "காட்டு வாத்து. கொக்கென்றால் பறக்கும்போது கால் பின்னால் நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றை விற்றவன் இறால் என்றானாம். "மீசை தடிப்பு, உடம்பை விட நீளம், கொடுக்கு இல்லை. சாய்ந்தமருதில் பிறந்தவனுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. சிங்கிறால்." முதலில் நாய் என்று எழுதி வெட்டிய ஒன்றும் உண்டு. "பிடரி சுருள் சுருளாக இருக்கிறது. சிங்கத்தைக் கண்டிராதவன் செய்த சிங்கம்" என்று திருத்தியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

பேர் எழுதப்படாத அந்த ஒன்று எது என்று மதினி சொல்லாமலே எனக்குத் தெரியும். பெட்டிக்குள் கிடக்காமல் சுவரில் தொங்கியது அது ஒன்றுதானே. அலையும், அலைக்கு மேல் ஒரு மிருகத்தின் முதுகும் தோளும் புடைப்பாகத் தெரியும். தலை இருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் அராவிய ஒரு வழுக்கைத் தழும்பு. உப்புக் காற்றுக்கு அந்த இடம் மட்டும் துருப்பிடிக்க, மாதத்துக்கொரு தடவை எண்ணெய் தொட்டுத் துடைப்பீர்கள்.

அதை நான் முதலில் கண்டது பதினாறு வருடங்களுக்கு முந்திய ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில். "ஒண்டு எடுத்திரிக்கன், நானூறு வருஷப் பழசாம், வந்து காட்டுறன்" என்று ஜப்பானிலிருந்து நீங்கள் பெருமையடித்த தகடு அதுதான் என்று கண்டதும் விளங்கியது. மதினி தொழுகிற அறையில் உயிருள்ளதின் உருவம் இருக்கக்கூடாது என்று அவர்தான் தலையை எடுக்க வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கட்டியதோடு நிற்காமல் வாய்விட்டும் சொன்னேன்: "பொண்டாட்டிட பேச்சக் கேட்டு இத நாசமாக்கிப் போட்டீங்களே காக்கா." நீங்கள் சிரித்துவிட்டு மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் சோறு தின்றதில்லை. பெருநாளைக்குப் போவேன், தேத்தண்ணி குடிப்பேன், எழும்பி வந்துவிடுவேன்.

போன வியாழக்கிழமை போனேன். மதினி தகட்டைக் கழற்றி ஒரு துவாயில் வைத்துத் தந்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரித்தான் பார்த்தேன். கால்கள் தண்ணீருக்குள், ஆகவே குளம்பு தெரியாது. வாலும் தெரியாது. வரியில்லை, புள்ளியில்லை, ஆகவே புலியுமில்லை மானுமில்லை. தோளின் மேல் வளைந்து கிடக்கிற ஒரு கோடு இருந்தது. கடிவாளக் கயிறு என்று எடுத்துக்கொண்டு 'குதிரை' என்று எழுதினேன். பிறகு முதுகு அகலமாகப் படவே வெட்டிவிட்டு 'மாடு' என்றேன். கைப்பேசியில் இதே மாதிரித் தகடுகளின் படங்களைத் தேடினேன். அலையில் ஓடுகிற முயல் கூட வந்தது. ஒரு மணித்தியாலம் போனது.

மதினி பின்னால் வந்து நின்றார். இத்தனை வருடமும் அந்தத் தகட்டின் பக்கம் அவர் நேராகப் பார்த்ததில்லையாம்.

"டீச்சர், இது எருமையெல்லா?"

"எப்படிச் சொல்றீங்க? தலையே இல்லையே."

"தலை இல்லாட்டி என்ன, கொம்பு இரிக்கே." நான் கயிறு என்று எண்ணிய கோட்டில் விரலை வைத்தார். "எருமை தண்ணிக்குள்ள நிக்கக்குள்ள மூக்க மேல தூக்கிக்கிட்டு நிக்கிம். அப்ப கொம்பு ரெண்டும் பின்னால தோளில படுக்கும். அவரு தலைய அராவினவரு, கொம்ப விட்டுட்டாரு."

"ஜப்பானில எருமை இல்ல மதினி."

"எனக்கு ஜப்பானத் தெரியா. எருமையத் தெரியும்."

வயல்காரன் மகள், எருமைத் தயிர் விற்ற வீட்டில் வளர்ந்தவர். அவர் சொன்ன பிறகு பார்த்தால் எருமையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எருமையைக் கண்டிராதவன் ஏதோ படத்தைப் பார்த்துச் செய்திருக்கலாம், உங்கள் சிங்கத்தைப் போல. ஆனால் நன்றாகப் பார்த்துத்தான் செய்திருக்கிறான்.

'எருமை' என்று எழுதிக் கொப்பியை மூடினேன். அதோடு எழும்பியிருக்கலாம். பதினாறு வருடக் கோபம் விடவில்லை. "தலைய எடுக்கச் சொல்லாம இரிந்திரிந்தா இவ்வளவு கஷ்டம் இல்லையே மதினி" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நானா சொன்ன? நான் சொன்ன அலுமாரிக்குள்ள வைங்க எண்டுதான். ரெண்டு நாள் கழிச்சி அரமும் கையுமா குந்திக்கிட்டிரிக்காரு. என்னத்துக்கு இது எண்டு கேட்டன். தலை இல்லாட்டிப் பரவாயில்லையாம், விளங்கின ஆக்கள்ட்டக் கேட்டுட்டன் எண்டாரு. பள்ளியில ஆரும் மௌலவியாக்கும் எண்டு நினைச்சன்."

மௌலவி இல்லை, காக்கா. எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டு நின்றேன், நீங்கள் தொலைபேசி எடுத்தீர்கள். நான் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிறவள், ஆகவே என்னிடம் கேட்டீர்கள். தொழுகிற அறையில் மிருக உருவம் மாட்டலாமா? எந்த உருவம், எதில், எவ்வளவு பெறுமதியானது என்று ஒன்றும் நான் திருப்பிக் கேட்கவில்லை. பஸ் போய்விடும் என்ற அவசரம். "தலைய எடுத்துட்டாச் சரி காக்கா, பொறகு அது உசிரில்லாத மரம் மாதிரித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு நிமிடம் கூட இருக்காது. அன்றைக்கே மறந்தும் போனேன்.

நீங்கள் மறக்கவில்லை. அரம் எடுத்தீர்கள். பெருநாளன்று நான் மதினியைக் குற்றம் சொன்னபோது, சொன்னது நீதானே பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? தங்கச்சி வெட்கப்படுவாள் என்றா? அந்த வெட்கத்தை உங்கள் மனைவியின் தலையில் ஏன் போட்டீர்கள்? அடுப்படியில் அவர் கேட்டுக்கொண்டு நின்றார் என்று உங்களுக்குத் தெரியாதா? அராவ முன் தலையைப் பார்த்த நீங்கள் கொப்பியில் எருமை என்று எழுதாமல் விட்டதும், தலை போன கதை கிளம்பும் என்றுதானா? எனக்கு உங்கள் மேலும் கோபம் இருக்கிறது, காக்கா. மௌத்தானவர்களைக் கோபிப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

வியாழக்கிழமை நான் இதை மதினியிடம் சொல்லவில்லை. "ஓம், ஆரும் மௌலவியாத்தான் இரிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதையும் எழுதியாக வேண்டும். தெரியாமல் செய்த பிழை ஒன்று. தெரிந்தபின் சொன்ன பொய் இன்னொன்று. மாவடிப்பள்ளி தாண்டும்போது ரோட்டோரத் தண்ணீரில் எருமைகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. இவ்வளவு காலமும் அந்த வழியால்தான் போய்வந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். மதினி பத்திரிகை வாசிக்கிறவர். என் பிழையை அவர் அச்சில் பார்த்து அறியக்கூடாது. ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் சம்மாந்துறைக்குப் போகிறேன். அவர் கதவைத் திறந்ததும், உள்ளே கூப்பிட முன், வாசலில் வைத்தே சொல்வேன்: "மதினி, காக்கா கேட்டது என்னட்டத்தான். தலைய எடுக்கச் சொன்னதும் நான்தான்." அவர் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். பதினாறு வருடம் அவர் அடுப்படியில் நின்றார். நான் வாசலில் நிற்கிறேன். திறக்கும் வரை திரும்பி வரமாட்டேன், இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

மதினி ஏற்றுக்கொண்டால் அவருக்கு மச்சி,
ஏற்காவிட்டாலும் உங்களுக்குத் தங்கச்சி.