மஞ்சள் தாள் ஒட்டிய மூன்று கட்டங்கள்

அன்புள்ள அக்கா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. கோவையில் நீங்கள் சமையலை முடித்து உட்கார்ந்திருப்பீர்கள். காலையில் எழுதலாம் என்று படுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

கிளம்பும்போது யாழினிக்கு நீங்கள் கொடுத்த படக்கதைப் புத்தகம் என் மடியில் இருக்கிறது. இந்த அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் கதை. நாளை அவள் வகுப்புக்கு வேண்டுமாம். அதற்கு முன், உள்ளே நான் ஒட்டியிருந்த மஞ்சள் தாள்களைப் பிய்த்துவிடலாம் என்று சாயங்காலம் எடுத்தேன்.

ஆமாம், ஒட்டினேன். உங்களிடம் சொல்லவில்லை.

இங்கே மான்மவுத் ஜங்ஷனில் நம் குடியிருப்பின் கிளப்ஹவுஸ் நினைவிருக்கிறதா? சனிக்கிழமை காலையில் படக்கதைகளைப் பரப்பி வைப்பீர்கள். பேச்சுக் குமிழ்களின் மேல் மட்டும் சின்னத் தாள் ஒட்டியிருக்கும். அந்த ஆள் என்ன பேசியிருப்பார் என்று பிள்ளைகள் அதில் எழுத வேண்டும். தாளின் பின்பக்கம் நீங்கள் ஒரு வரி பதில் எழுதுவீர்கள்.

முதல் நாள் வாசலிலேயே நின்று கேட்டேன். "ஹிஸ்டரி சொல்லித் தரேன்னீங்க. இது காமிக்ஸாச்சே, அக்கா?"

"நின்னுட்டே கேட்டா எப்படி அம்மிணி? உள்ள வந்து உக்காரு. உனக்கும் ஒரு பென்சில் தரேன்."

அமெரிக்கச் சுதந்திரப் போரில் பனியில் நிற்கும் சிப்பாய் எனக்கு வந்தான். 'நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன்' என்று எழுதினேன். யாழினி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மம்மி, அவனோட ஷூவ பாரு!" ஷூ கிழிந்திருந்தது. 'என் சாக்ஸ் நனைந்துவிட்டது' என்று அவள் எழுதினாள். 'வீட்டுக்குக் கடிதம் போட்டாயா?' என்று பின்னால் எழுதினீர்கள்.

பிறகு உங்கள் வீட்டு அண்ணாவுக்கு வேலை போயிற்று. வேலையோடு விசாவும் போக, அறுபது நாளில் நீங்கள் கிளம்பினீர்கள். காலியான உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து யாழினி கேட்டாள்: "ஐ வாஸ் பார்ன் ஹியர். எனக்கு விசா வேணாம். அப்போ டாடிக்கு வேலை போனா உங்களை மட்டும் அனுப்பிடுவாங்களா?"

"சாப்பிடு முதல்ல" என்றேன். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அன்றுதான் உங்கள் புத்தகத்தைப் புரட்டினேன். ஏலத்தில் ஒரு தாயிடமிருந்து மகளைப் பிடித்து இழுக்கிறார்கள். யாழினி இதைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அந்தக் கட்டத்தையும் இன்னும் இரண்டையும் முழுதாக மஞ்சள் தாளால் மூடிவிட்டேன்.

இன்று திறந்தால், மூன்று தாளிலும் பென்சில் எழுத்து! நீங்கள்தான் ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்து, தூக்கிப் பார்த்து, திரும்ப ஒட்டி, எழுதியும் வைத்திருக்கிறாள். ஆங்கிலத்தில்தான். அந்த மகளுக்கு எழுதியது இது: 'எனக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். நீ பழைய பெயரிலேயே கூப்பிடு. நான் திரும்பிப் பார்ப்பேன்.' சவுக்கடி வாங்குபவருக்கு: 'இவர் இப்போது பேச மாட்டார்.' மூன்றாவதில், 'ஆன்ட்டி, முழுப் படத்தையும் மறைத்துவிட்டீர்கள். கவனம்.'

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, அக்கா. பல் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"இத எப்ப எழுதின?"

"லாங் டைம் அகோ."

"பயமா இல்லையா?"

"லிட்டில் பிட். பட் இட் ஹேப்பன்ட், மம்மி." வாயைக் கொப்பளித்தாள். "நீதான் பதிலே சொல்லல."

'உங்களை மட்டும் அனுப்பிடுவாங்களா' என்று அன்று கேட்டதை அவள் விடவே இல்லை. மூடி வைத்தது நான்தான். குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். "நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. போறதா இருந்தா மூணு பேரும் சேர்ந்துதான் போவோம். உன்ன விட்டுட்டுப் போக மாட்டோம்."

"ஓகே" என்றாள். அவ்வளவுதான். ஏழு மாதமாக என் நெஞ்சில் கிடந்த பாரம் அந்த ஒரு 'ஓகே'யில் இறங்கிவிட்டது. இப்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

தாள்களைப் பிய்க்கவில்லை. அப்படியே வகுப்புக்குப் போகட்டும். நீங்கள் கொடுத்த பென்சில் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. பாதியாகத் தேய்ந்துவிட்டது.

தூங்கப் போகும்போது அவள் கேட்டாள்: "ஆன்ட்டி ஏன் பின்னாடி எதுவும் எழுதல?" மூன்றையும் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாளுக்கு ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள், அக்கா.