உப்பு மூட்டையில் ஜப்பானிய எழுத்து

ஜூன் 9, திங்கள்
விடியும்போதே அனல். அரிசி ஊறப்போடணும். சனிக்கிழமை எனக்கு வீடியோவில் இன்டர்வியூ. ஜப்பானில் முதியோர் இல்ல வேலை, மூன்று வருடம்.

ஜப்பானிய வாக்கியத்துக்குப் பயமில்லை. வினை கடைசியில், நம்மைப் போலவே. சொல்லுக்குப் பின்னால் வரும் இந்த ஒட்டுகள்தான் உயிரை வாங்குகின்றன. வா: யாரைப் பற்றிப் பேச்சோ அவருக்குப் பின்னால். ஓ: நம்முடைய ‘ஐ’. நி: போகிற இடம். தே: வேலை செய்கிற இடம். ஜப்பானிய எழுத்திலேயே சீட்டு எழுதிக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டியாயிற்று.

செல்வம் அதைப் பார்த்தபடியே ஷேவ் செய்தார். போ என்றும் சொல்வதில்லை, போகாதே என்றும் சொல்வதில்லை. கல்யாணமாகி நாலு வருடத்தில் இந்த மௌனம் புதுசு. அவர் வேண்டாம் என்றால் போகமாட்டேன். கேட்கத்தான் பயம்.

ஜூன் 11, புதன்
காற்று. கண்ணெல்லாம் மண். ஆன்லைன் வகுப்பில் நி, தே மாற்றிப் போட்டு மூன்று தப்பு. டீச்சர் சிரிக்கிறார்.
செல்வத்தின் விரலெல்லாம் நீல மை. “உப்பளத்துல மூட்டைக்கு நம்பர் போட்டேன்” என்றார்.

ஜூன் 12, வியாழன்
மதியம் உப்பளத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மேஸ்திரி சத்தம்.
“ஏம்பா செல்வம், நம்பர் போடச் சொன்னா கோலம் போட்டு வச்சிருக்க? நாப்பது மூட்டை லோடு போயிடுச்சு. கிளியனூர் கடைக்காரரு போன் பண்ணி, என்னா மந்திரிச்ச உப்பான்னு கேக்குறாரு.”
மிச்ச மூட்டைகளைப் பார்த்தேன். வா, ஓ, நி, தே. கோணல்மாணலாக, என் சீட்டில் இருந்த அதே எழுத்துகள்.
செல்வம் தலையைச் சொறிந்தார். “அங்க போயி உனக்கு அந்த பாஷையே வாயில வந்துட்டா, போன்ல நான் என்னா பண்றது? அதான் எழுதிப் பழகுனேன்.”
“அப்ப நான் போலாமாங்க?”
“போவாதன்னு எப்ப சொன்னேன்? வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு சும்மா இருந்தேன்.”
மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சாப்பாட்டைப் பிரித்துப் பரிமாறினேன். குழம்பில் உப்பு போட மறந்திருக்கிறேன். உப்பளத்தில் உட்கார்ந்து சப்பென்ற குழம்பைச் சாப்பிட்டார், பாவம்.

ஜூன் 14, சனி
இன்டர்வியூ. வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார்கள். “ஓத்தோ வா ஷிஓ ஓ த்ஸுகுரிமாஸ்.” கணவர் உப்பு உண்டாக்குகிறார். திக்காமல் வந்த ஒரே வாக்கியம் அதுதான்.

ஜூன் 17, செவ்வாய்
தேர்வாகிவிட்டேன். சந்தோஷம்தான், மூன்று வருடத்துக்கு எத்தனை நாள் என்றும் எண்ணிப் பார்த்தேன்.
வாங்க: ஸ்வெட்டர், ஊறுகாய், பூட்டு.
செல்வம் காலிச் சாக்கு ஒன்றை நீட்டினார். துவைத்துக் காயவைத்தது. நீல மையில், “வதாஷி வா மாச்சிமாஸ்.” நான் காத்திருப்பேன்.
பெட்டியில் முதலில் அதைத்தான் வைத்தேன்.