மேனேஜர் அறையில் மாட்டிய மணி

என்னங்க,

வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? பாப்பா இருமல் மருந்தைத் துப்பாமல் குடிக்கிறாளா? நான் நலம், என் கோபமும் நலம்.

நாங்கள் செய்யும் அழைப்புமணிப் பலகையில் எட்டு அறைக்கு எட்டுப் பொத்தான்கள். அழுத்தினால் கம்பியின் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு இறங்கி மணி அடிக்கும். அழுத்தாதபோது அதை ஐந்து வோல்ட்டில் இழுத்துப் பிடித்திருப்பது புல்-அப் ரெசிஸ்டர். எட்டு ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரே சீப்பாக வரும், நெட்வொர்க் என்பார்கள். அது இல்லாவிட்டால் கம்பி இரண்டுங்கெட்டான். பக்கத்தில் கை போனாலே மணி அடித்துவிடும்.

மேனேஜர் அந்தச் சீப்பை வீண்செலவென்று எடுத்துவிட்டார். வாங்கியவர்களிடமிருந்து பலகைகள் திரும்பி வந்ததும் என் சால்டரிங் சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லி, பாப்பா பிறந்தநாளுக்கு வாங்கியிருந்த லீவையும் ரத்து செய்தார்.

"சீப்பு இல்லாமலே போர்டு நல்லாத்தாம்மா ஓடும். என் ரூம்ல ஒண்ணு மாட்டு, காட்டுறேன்" என்றார் மேனேஜர். மாட்டினேன். கம்பியை மட்டும் மின்விசிறி வயரோடு ஒட்டி, முதலாளி அறை மணி வரை நீளமாக இழுத்தேன்; சீப்பில்லாத கம்பி நீள நீள, விசிறி வயரை ஒட்ட ஒட்ட, இன்னும் சுலபமாக ஏமாறும்.

இப்போது அவர் பேனா எடுத்தால் முதலாளி அறையில் மணி. "எதுக்குய்யா சும்மா சும்மா கூப்பிடுற?" என்று முதலாளியே வந்து நிற்கிறார். நேற்று மேனேஜர், "அந்தச் சீப்பைப் போட்டுத் தொலைம்மா" என்றார்.

"ஊருக்குப் போயிட்டு வந்து போடுறேன் சார்."

லீவு இன்னும் தரவில்லை. நானும் அவசரப்படவில்லை.

உங்கள் சட்டை ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். பாப்பாவின் உயரத்தை நூலில் அளந்து அதையும் வையுங்கள். மறுபடி மணி அடிக்கிறது. முதலாளி படியிறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி